இடுப்பில் ஊன்றிய கை

வெயில் திரையில் விழுந்துவிடாதபடி ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருக்கிறார்கள். ஸ்கேன் கருவியின் சாம்பல் வெளிச்சத்தில் அவள் வயிற்றை மட்டும் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள். பயிற்சிக்கு வந்திருக்கும் பிசியோதெரபிஸ்டுகளில் அவள்தான் மூத்தவள். எல்லோரும் ஜோடி சேர்ந்துகொள்ள, தனியாக நின்றவளைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். சின்னப் பெண்ணொருத்தி சில்லென்ற ஜெல்லைத் தடவிக் கருவியை இடுப்போரம் வைக்கிறாள். திரையில் மூன்று அடுக்காகத் தசைகள். அடியில் இருப்பது மட்டும் தடித்து, விறைத்து நிற்கிறது. "வயித்த எக்காதீங்கம்மா, தளர விடுங்க," என்கிறார் பயிற்சியாளர். "விட்டுட்டுத்தான் சார் படுத்திருக்கேன்." தசை கேட்பதாக இல்லை. இதே வார்த்தையை நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்கிறவள்தான் அவள். ஊரார் முதுகையெல்லாம் நீவிவிட்டு வீட்டுக்குப் போய், பூட்டைத் தானே திறந்து விளக்கையும் தானே போடுகிறவள். கருவி நழுவாமலிருக்க, அந்தப் பெண் தன் இன்னொரு கையை அவள் இடுப்பெலும்பின் மேல் ஊன்றிக்கொள்கிறாள். வெதுவெதுப்பான கை. "ரொம்ப அழுத்துறேனாக்கா?" திரையில் அந்தத் தசைப் பட்டை மெல்ல மெல்ல மெலிகிறது. "அட, இப்பதான் விடுது! என்னம்மா செஞ்ச?" என்று பயிற்சியாளர் அந்தப் பெண்ணைக் கேட்கிறார். "நான் ஒண்ணுமே செய்யலயே சார்." அந்தப் பெண் ஜெல்லைத் துடைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறாள். "சரி, அடுத்து யாரு படுக்கறீங்க?" என்கிறார் பயிற்சியாளர். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வருகிறது: "நானே இருக்கேன் சார்."