கோணல் குறி

கடற்கரையில் பலூன் சுடும் கடை வைத்திருக்கும் பவுனம்மாவின் துப்பாக்கியில், குறி பார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன்குறி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பலூனைப் பார்த்துச் சுட்டால் குண்டு வலப்பக்கம் தள்ளிப் பலகையில் போய்ப் புதையும். புருஷனோடு ஏதோ ஒரு சண்டையில் அவள்தான் துப்பாக்கியைத் தூக்கி எறிந்தாள்; அதில் சாய்ந்ததுதான். மறுநாள் அவள் புருஷன் ஏகாம்பரம் அதை எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு, "நாலு விரக்கடை இடப்பக்கம் புடிச்சா ஜோரா வுழுது பவுனு. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சிரித்தான். சமாதானமாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அந்த வாரமே அவன் சொல்லாமல் போய்விட்டான். வருஷங்கள் ஓடிவிட்டன.

பக்கத்து ராட்டினக்கார மஸ்தான் ஓயாமல் கேட்கிறான். "குடுக்கா, ஒரு தட்டு தட்டி நேராக்கித் தர்றேன். வர்றவன்லாம் திட்டிட்டுப் போறான்."

"அதுல கைய வெச்சே, ஒடிச்சிடுவேன்."

பலூன் மிச்சம் பிடிக்கிற கஞ்சத்தனம் என்று பேசுகிறார்கள். பேசட்டும்.

இன்று விளக்கு வைக்கிற நேரத்தில் நரைத்த தாடியோடு ஒருவர் வந்தார். ஒன்றும் கேட்காமல் துப்பாக்கியை எடுத்துத் தோளில் பொருத்தினார். பவுனம்மா பலூன் ஊதிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். துப்பாக்கி முனை மஞ்சள் பலூனுக்கு நேராகப் போய்க் கொஞ்சம் நின்றது. பிறகு, ஒரு குண்டுகூடச் சுட்டுப் பார்க்காமலே, மெல்ல இடப்பக்கமாக வெறும் பலகைக்கு நகர்ந்தது.

திரும்பி முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. பாதி ஊதிய பலூனை உதட்டிலிருந்து எடுக்காமல், வெடிக்கும் சத்தத்துக்காகக் காத்து நின்றாள்.