மாடிப்படி ஏறி இடது பக்கம்

"ஒரு வலைப்பூ எப்படி இருக்கக் கூடாதுன்னு இப்ப பார்ப்போம்" என்றான் வலைப்பூ வாத்தியார்.

நூலக மாடியில் வார வகுப்பு. திரையில் வந்து நின்றது பேக்கரிக்கார அம்மாவின் வலைப்பூ. கடைசி வரிசையில் அவள் மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுதினதையே தினமும் எழுதறது ஒரு தப்பு. இங்கே எல்லாப் பதிவும் ஒண்ணுதான். ஒரு படம்கூட இல்லை."

வகுப்பு லேசாகச் சிரித்தது.

"அதுகூடப் பரவாயில்லை. இதைக் கேளுங்க." சத்தமாக வாசித்தான். "பஸ் ஸ்டாப்பில் இறங்கி மருந்துக்கடைச் சந்தில் வரவும். நீல கேட். மாடிப்படி ஏறி இடது பக்கம். நான் கடைக்குப் போயிருந்தால் சாவி கீழ்வீட்டு டெய்லரிடம் இருக்கும்."

"திருடனை வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிறாங்க" என்றது ஒரு குரல். இந்தத் தடவை சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாத்தியாரும் சிரித்தான்.

"ஊர் உலகமே படிக்கிற இடம்மா இது. வீட்டு அடையாளத்தைப் போடறது பெரிய தப்பு. நானே எடுத்துடறேன்."

"அதைத் தொடாதீங்க சார்."

அவள் எழுந்து நின்றிருந்தாள். "மத்ததெல்லாம் நீங்க சொல்ற மாதிரி மாத்திக்கிறேன். அது மட்டும் இருக்கட்டும்."

என்ன பிடிவாதம் என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. நாலு பேர் முன்னால் வேண்டாமே என்று அப்போதைக்கு விட்டுவிட்டான். வகுப்பு கலைந்ததும் அவளிடம் போனான்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. யார் வேணாலும் வீடு தேடி வந்துடுவாங்க."

"வரட்டும் சார். அப்படியாவது என் பையன் வந்துட மாட்டானா?"

அவன் புரியாமல் பார்த்தான்.

"அவங்கப்பாகிட்ட கோவிச்சுக்கிட்டுப் போனவன். போன் நம்பரையும் மாத்திட்டான். இப்ப அவங்கப்பாவும் இல்லை. நாங்க இருந்த வீட்டையும் இடிச்சுட்டாங்க. இந்த வீடு அவனுக்குத் தெரியாது சார்."

அணைத்த கம்ப்யூட்டரை வாத்தியார் மறுபடி போட்டான். அவள் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அதை எடுக்க வேண்டாம்மா. தேடினா உடனே கண்ணுல படற மாதிரி பண்ணிடலாம். உங்க பையன் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவான்னு மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேடுவானா சார்?" என்று கேட்டாள்.