தொட்டித் தண்ணீர்

அகழாய்வுக் குழியில் கிடைக்கும் பானை ஓடுகளைக் கழுவித் தருவதுதான் வடிவாளின் வேலை. அந்தக் குழி முழுக்கச் செம்மண். எதைக் கழுவினாலும் தொட்டித் தண்ணீர் சிவந்துபோகும். அன்றைக்கு அதிகாரியே தன் கையால் ஒரு முத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிபரின் குலச்சின்னமான கழுகு அதில் இருந்தது.

"மூவாயிரம் வருசத்துக்கு முந்தியே அவுங்க வம்சந்தான் இங்க ஆண்டிருக்கு, பாத்தியா?"

வடிவாள் தேய்த்தாள். தண்ணீர் கறுத்தது. அவள் கை ஒரு கணம் நின்றது. போன மாதம் இதே தொட்டியடியில், "இது நம்ம குழி மண்ணு இல்லீங்களே" என்று வெள்ளந்தியாகச் சொன்னாள், கூட ஓடு கழுவிய பவளக்கொடி. பாவம், மறுநாளிலிருந்து அவள் வீட்டில் பூட்டுத்தான் தொங்குகிறது.

புகைப்படக்காரரைக் கூப்பிட அதிகாரி அந்தப் பக்கம் திரும்பினார். வடிவாள் குழியோரத்துச் செம்மண்ணை இரண்டு கையாலும் அள்ளித் தொட்டியில் போட்டுக் கலக்கினாள்.

அவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "தண்ணி என்ன நெறம், வடிவு?"

இதை எதற்குக் கேட்கிறார்?

"செவப்புத்தானுங்கய்யா, எப்பவும்போல."

"நல்ல பொண்ணு" என்று சிரித்தார். "எங்க, கையைக் காட்டு."

நீட்டினாள். நகக்கண்களில் கறுப்பு அப்படியே இருந்தது.