ரொட்டிக்குக் கூப்பிடும் குரல்

நாரின் நகருக்குப் போகும் சாலையோரம் நிற்கும் லாரியின் மேல்பாதியில் மட்டும் மாலை வெயில் இருக்கிறது. அடியில், நிழலில், இடுப்பொடிந்த அக்தோஷ் முனகிக்கொண்டிருக்கிறது. அது யாருடைய நாயும் இல்லை. புருல்சாவின் குதிரைப்பால் கடைக்குப் பின்னால் கிடந்து, அவள் போடும் ரொட்டியில் வளர்ந்தது. இடித்த லாரிக்காரன் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்து குதிரைப்பால் குடிக்கிறான். “டவுன் டாக்டர்கிட்ட ஏத்திட்டுப் போயேன்” என்கிறாள். “நாயையா? உள்ள மாவு மூட்டை இருக்குக்கா. சீக்கிரம் முடிங்க, இல்லேன்னா அப்படியே வண்டியை எடுத்துடவா?” என்று சிரிக்கிறான். வேட்டைக்காரன் சாகின் துப்பாக்கியோடு குனிந்து பார்த்துவிட்டு நிமிர்கிறான். “சக்கரம் மறைக்குது. தப்பாப் பட்டா இன்னும் துடிக்கும். நீ கூப்பிட்டா வெளிய வரும்.” “என்னை நம்பித்தானே வரும், சாகின்.” “அதனாலதான் சொல்றேன்.”

முனகல் இப்போது வீறிடலாகிறது. புருல்சா ரொட்டியைப் பிய்த்து, சரளைக்கல்லில் குந்தி, தினமும் கூப்பிடும் அதே குரலில் கூப்பிடுகிறாள். “அக்தோஷ், வாடா.” சத்தம் சட்டென்று நிற்கிறது. செத்த பின்கால்களை இழுத்துக்கொண்டு, காதை மடக்கி, அவள் கையையே பார்த்தபடி நாய் ஊர்ந்து வருகிறது. “பாதி நாய்க்கும் பசி போகலை பாரு” என்கிறான் லாரிக்காரன். அவள் விரலில் பல் படாமல் அது ரொட்டியைக் கவ்வுகிறது. சாகின் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். “தின்னு முடிக்கட்டும்.” முடித்ததும் அது நிமிர்ந்து தன் முகத்தைப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். “வேணாம்” என்று எழுந்து விலகுகிறாள். “வாயில இருக்கும்போதே சுடு.”