நங்கூரத்தின் சாவு

சித்திரக்கதையின் இருபதாம் பக்கத்தை ஆசிரியர் ஹோவர்ட் பின்ஸ்கி மேசைமீது விட்டெறிந்தார்.

"உடம்பு எங்க?"

ஓவியன் கிளைட் மெரிவெதர் அதைத் தன் முன்னால் இழுத்து வைத்தான்.

தாளில், இடிந்த பாலம். அதன் கீழே கரைபுரளும் நதி. கரையில் ஆறு பேர் மண்டியிட்டுக் கிடந்தார்கள். ஏழாவது ஆளைக் காணோம்.

ஏழாவது ஆள்தான் நங்கூரம். 'வைகறை எழுவர்' என்ற அதிசய வீரர் அணியில் ஒரே கறுப்பினத்தவன். மற்றவர்கள் பறப்பார்கள், நெருப்பை உமிழ்வார்கள், நட்சத்திரங்களோடு பேசுவார்கள். இவன் நிற்பான். கப்பல் வந்தாலும் ரயில் வந்தாலும் மார்பைக் கொடுத்து நிற்பான். அவர்கள் சண்டையை முடித்துவிட்டு வரும்வரை பாலத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது இவன் வேலை.

ஆறு வருடமாக அவனை வரைந்தவன் கிளைட். அணி சாப்பிட உட்காரும் கட்டங்களில் எழுத்தாளர் நங்கூரத்தைச் சேர்ப்பதே இல்லை. கிளைட் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவனை உட்கார வைத்துவிடுவான்.

நங்கூரம் சாக வேண்டும் என்று போன செவ்வாய்க்கிழமை பதிப்பகத்தார் கூடி முடிவெடுத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கிளைடை யாரும் கூப்பிடவில்லை.

ஏன் இவன் என்று மதியம் கேட்டான். ஹோவர்ட் மாட்டிறைச்சி சாண்ட்விச்சின் காகிதத்தைப் பிரித்தபடியே சொன்னார்.

"மத்த ஆறு பேருக்கும் தனித்தனியா புத்தகம் ஓடுது கிளைட். இவனுக்கு என்ன இருக்கு? ஒருத்தன் போனாத்தானே மத்தவங்களுக்கு வெறி வரும்."

மற்றவர்களுக்கு வெறி வர வேண்டுமாம். கடைசிப் பக்கத்தில் ஆறு முஷ்டிகள் வானத்தை நோக்கி உயர்ந்திருந்தன. அவற்றையும் கிளைட்தான் வரைந்திருந்தான்.

இப்போது ஹோவர்ட் கடுகுச் சாந்து படிந்த விரலால் நதிக்கரையைத் தொட்டுக் காட்டினார். உடம்பு இங்கே, அணித்தலைவனின் மடியில். தலை தொங்கியிருக்க வேண்டும். வாய் லேசாகத் திறந்திருக்க வேண்டும். படிக்கிறவன் அழ வேண்டும்.

பென்சிலை எடுத்து அவன் கையில் திணித்தார். நாலு மணிக்குப் பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன.

கிளைட் குனிந்தான். பென்சில் முனை காகிதத்தில் பட்டு ஒடிந்தது.

பக்கத்து மேசையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஐரீன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

அவன் மைப்புட்டியை எடுத்தான். மூடியைத் திருகினான். மொத்த மையையும் நதிமேல் கவிழ்த்தான்.

கறுப்பு பரவியது. கரையை விழுங்கியது. தலைவனின் முழங்காலை விழுங்கியது. மேசை விளிம்புவரை ஓடி, ஹோவர்டின் சாண்ட்விச்சை நனைத்தது.

ஹோவர்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"பைத்தியமா ஒனக்கு? உடம்பே இல்லாம அவன் செத்துட்டான்னு எவன் நம்புவான்?"

"எங்க அம்மாவும் அதையேதான் சொல்றாங்க," என்றான் கிளைட். "தம்பியக் காணலன்னு தந்தி வந்து பதினோரு மாசமாச்சு."



வியட்நாம் போருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், கிளைடின் தம்பி வெண்டல் இந்த அறைக்கு வந்திருந்தான். அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, நங்கூரம் மாதிரி நின்னு காட்டு என்று சொல்லி அனுப்பியவர் ஹோவர்ட்.

அதற்குப் பிறகு ஒருநாளும் அவனைப் பற்றி அவர் கேட்டதில்லை.