பெத்ரித்துக்குப் பதினோரு மார்க்

இங்கிலீஷ் வகுப்பில் பெத்ரித் நாலாவது வருஷமும் ஃபெயில்.

நூற்றுக்குப் பதினொன்று. மிமோசா டீச்சர் விடைத்தாளை அவர் முன்னால் வைத்தபோது வகுப்பே எட்டிப் பார்த்துச் சிரித்தது.

'ரைவல் என்ற சொல் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்கு, 'கொர்ச்சாவிலிருந்து, காலை ஏழு மணி வண்டியில்' என்று எழுதியிருந்தார்.

கொர்ச்சாவுக்கும் அந்த ஏரிக்கரை ஊருக்கும் இடையே வேன் ஓட்டுவதுதான் அவர் தொழில்.

"அண்ணே, உங்க வேன்கூட மூணாவது தள்ளுல ஸ்டார்ட் ஆயிடும். நீங்க எப்ப?" என்றாள் எனெய்தா. நர்ஸ். தொண்ணூற்றாறு மார்க். அடுத்த மாதம் மான்செஸ்டருக்குப் பறக்கிறாள்.

பெத்ரித்தும் சேர்ந்து சிரித்தார்.

மிமோசாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நூலக மாடியில், ஏரியைப் பார்த்த அந்த அறையில், அவள் யாரையும் இங்கிலீஷ் சொற்களை மனப்பாடம் செய்யச் சொன்னதே இல்லை. எந்தச் சொல் எந்த ஊரில் பிறந்தது, எந்தக் கப்பல் ஏறியது, வழியில் எதைத் தொலைத்தது என்று கதையாகச் சொல்வாள். சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினால், பனிமூட்டத்துக்குள்ளிருந்து சொற்களே படகு படகாகக் கரைக்கு வருவது போலிருக்கும். அல்பேனியாவைத் தாண்டிப் போகாதவளுக்கு உலகம் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அந்தக் கதைகளை நாலு வருஷம் கேட்ட மனிதர் வாங்கியது பதினொன்று!

வகுப்பு கலைந்ததும் அவரை நிறுத்தினாள்.

"கோவிச்சுக்காதீங்க பெத்ரித். அடுத்த வருஷம் நீங்க வர வேண்டாம்."

"இன்னும் ஒரே ஒரு தடவை, டீச்சர்..."

"எதுக்கு? உங்களுக்கும் வீண், எனக்கும் வீண். நான் பாடம் நடத்தினா நீங்க பாட்டுக்கு ஏரியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்க."

"நீங்களும் அங்கதானே பார்ப்பீங்க டீச்சர்?"

செய்வதையும் செய்துவிட்டுக் கிண்டல் வேறு! சுருக்கென்றது அவளுக்கு. அவர் கண்ணெதிரிலேயே பதிவேட்டில் அவர் பெயரை அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கொர்ச்சாவில் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கிளம்பத் தயாராக நின்றது பெத்ரித்தின் வேன்தான். அவர் மேலே ஏறி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் படாமல் ஏறிக் கடைசி சீட்டில் ஒதுங்கிக்கொண்டாள் மிமோசா. கண்ணாடியில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும். மலைப்பாதையின் ஆட்டத்தில் கண் சொருகியது.

கனவில் யாரோ அவளுடைய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். ரோமாபுரி வந்தது. ரொட்டி வந்தது.

கண்ணைத் திறந்த பிறகும் பாடம் நிற்கவில்லை.

முன் சீட்டில் ஓர் இங்கிலாந்துத் தம்பதி. பெத்ரித் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மறு கையால் மடியிலிருந்த, கீரை வைத்துச் சுட்ட பைரெக்கைப் பிட்டு அவர்களுக்கு நீட்டிக்கொண்டே, துளித் தடங்கல் இல்லாத இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்க 'கம்பேனியன்' இருக்கே, கூட உட்கார்ந்து ஒரே ரொட்டியைத் தின்கிறவன்னு அர்த்தம். 'ரைவல்' யாருங்கறீங்க? ஒரே ஓடையில தண்ணி எடுக்கிறவன். ரொட்டியைப் பங்கு போட்டா துணை... தண்ணியைப் பங்கு போட்டா பகை. எங்க டீச்சர் சொல்வாங்க."

அவள் சொன்னதேதான். அவள் நிறுத்துகிற இடத்தில்கூட நிறுத்தினார்.

ஏரிக்கரையில் எல்லாரும் இறங்கினார்கள். மிமோசா இறங்கவில்லை. கதவைச் சாத்த வந்த பெத்ரித் அவளைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

"டீச்சர்! நீங்க எப்ப ஏறினீங்க?"

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே ஃபெயில் ஆகியிருக்கீங்க. நாலு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கீங்க, இல்லே?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லை டீச்சர். பாஸானவங்களைத் திரும்பச் சேர்த்துக்க மாட்டாங்களாமே?"

"திரும்பச் சேர்ந்து என்ன பண்ணப் போறீங்க?"

பெத்ரித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார்.

"ஊர்ல பாதிப் பேர் கிளம்பிப் போயாச்சு. ஏர்போர்ட் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடறதே நான்தானே! ஆள் குறைஞ்சா வகுப்பை இழுத்து மூடிடணும்னு மேலிடத்து உத்தரவாம். உங்ககிட்ட சொல்ல நூலகருக்கு மனசு வரலை. எங்கிட்ட சொல்லி வருத்தப்பட்டார். குறைஞ்சது எட்டுப் பேராவது வேணுமாம்."

அவர் குரல் தாழ்ந்தது.

"வருஷா வருஷம் எண்ணிப் பார்க்கிறேன் டீச்சர். என்னையும் சேர்த்தாத்தான் எட்டு."