எலும்பு கூடிவிட்டது

திரையில் தெரிந்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் டோர்தே சொன்னார்: "எலும்பு அருமையா கூடியிருக்கு, எஸ்பென். ஏப்ரல்ல நீங்க பைக் ஓட்டலாம்."

டென்மார்க்கின் மண்தடப் பந்தயங்களில் பத்து வருடமாக பைக் ஓட்டிவரும் எஸ்பென் தலையை மட்டும் ஆட்டினான். அவன் அப்பா ஹோல்கருக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

"ஏழு வயசுல இவனை பைக்ல ஏத்தி உட்கார வச்சவன் நான், டாக்டர்." மகனின் தோளை அழுத்தினார். "உங்கம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்டா. வோயன்ஸ் ஊர்ப் பந்தயத்துக்கு இப்பவே பேர் குடுத்துடறேன்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "முதல்ல தோள், அப்புறம் கை, இப்ப கால். மூணு வருஷத்துல மூணு முறிவு. கடைசி விபத்தோட வீடியோவைப் பார்த்தேன். நேர்ப்பாதை, பக்கத்துல யாருமே இல்ல. எப்படி விழுந்தீங்க?"

எஸ்பென் வெளியே பார்த்தான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அப்பா யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கதவு நன்றாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் மெல்லக் கேட்டான்:

"எந்த எலும்பு உடைஞ்சா, டாக்டர், அப்புறம் பைக்கே ஓட்ட முடியாது?"